சதுரங்கப்பட்டினத்து அறை

முடிச்சூர் வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே லோகநாயகிக்கு மாடி வீட்டுச் சத்தம் ஆகாமல் போயிற்று. மிக்ஸி, கிரைண்டர் என்றால் எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே என்று விட்டுவிடலாம். இது கொசு ஒன்று காதுக்குள் நுழைந்து சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் தொடங்கும். சற்று நிற்கும். ஓய்ந்துவிட்டது என்று தலையணையைச் சரிசெய்து படுத்தால் மறுபடி தொடங்கும். வாரம் முழுக்கப் பொத்தேரியில் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்புகிறவளுக்கு அந்த ஒரு மதியத் தூக்கம்தான் ஆடம்பரம்.

"மேல என்ன, வீட்டுலயே பல் ஆஸ்பத்திரி நடத்தறாங்களா?" என்று கணவன் ரவியிடம் கேட்டாள்.

"கிட்டத்தட்ட அதேதான். அந்தம்மா குரோம்பேட்டைல பல் செய்யற லேப்ல இருக்காங்க. ஞானஜோதின்னு பேரு. அவங்க வீட்டுக்காரர் லாசரஸ், ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். தங்கமான மனுஷங்க. நீ போய் சண்டை கிண்டை போட்டு வைக்காதே."

அவள் சண்டை போடவில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் யாரையோ சொல்வதுபோல் பொதுவாகச் சொல்லிவைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி வந்தது. படியில் எதிர்ப்பட்டால் ஞானஜோதி சிரிப்பார், இவளும் சிரிப்பாள். குட்டையான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. "மழை வரும் போலிருக்கே" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. அப்படியே பல வருஷங்கள் ஓடிவிட்டன.

2023 டிசம்பரில் புயல் வந்தது. விடிந்து பார்த்தபோது தெரு இல்லை, அடையாறு இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற தண்ணீர், ரவி பால்காரருக்கு மூன்றாவது முறை போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்துக்குள் வந்து, சோபாவின் காலைத் தொட்டு, அப்புறம் சோபாவையே தொட்டது. ரவி ஃபிரிட்ஜை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்காகப் பிடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு லாசரஸ் படியிறங்கி வந்தார்.

"சார், அதை விடுங்க. சாமான் எப்ப வேணா வாங்கிக்கலாம். மேடம், நீங்க முதல்ல மேல வாங்க. ஜோதி உப்புமா கிண்டிக்கிட்டு இருக்கா."

ஒரு பையில் சர்ட்டிபிகேட்டுகளும் மாற்றுத் துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு லோகநாயகி முதன்முறையாக அந்த வீட்டுப் படியை ஏறினாள்.

மாடிக் கூடத்தில் சோபா இல்லை, டி.வி. இல்லை. சுவரை ஒட்டி நீளமான மேஜை. அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்திய மூன்று பெட்டிகள். மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. உப்புமாவைச் சாப்பிட்டதும் ரவி பாயில் படுத்து அசந்துவிட்டான். மதியம் வானம் இன்னும் கறுத்தது. சுவர் ஓதம் பெட்டிகளில் ஏறிவிட்டதா என்று பார்க்க ஞானஜோதி ஒரு துணியை விலக்கினார்.

"பேட்டரில ஓடற லைட்டு இருக்கு. பார்க்கறீங்களா?" என்று ஏதோ புகைப்பட ஆல்பத்தைக் காட்டப்போகிறவர்போல் கூச்சத்தோடு கேட்டார். "நேரா நின்னு பார்க்காதீங்க. நாற்காலியைப் போட்டு உட்காருங்க. கண்ணு அந்த மட்டத்துக்கு வரணும்."

லோகநாயகி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

அது ஓர் அறை. மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர் அறை என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. பாதிச் சுவர் வரை பச்சை, அதற்கு மேல் வெள்ளையடித்து அழுக்கேறிய சுண்ணாம்பு. பச்சைத் துணி ஒட்டிய மேஜை; துணி ஒரு மூலையில் தேய்ந்து நூல் தெரிந்தது. முக்காலியில் மண்பானை, பானையின் கழுத்தில் ஈரக் கசிவு, மேலே கவிழ்த்து வைத்த பித்தளை டம்ளர். ஆணியில் கறுப்புக் கோட்டு. அதன் முழங்கைகள் மடங்கி மடங்கிப் பளபளத்திருந்தன. ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்துச் சாயங்கால வெயில் சாய்வாக வந்து விரித்துவைத்த ரயில் அட்டவணை மேல் விழுந்திருந்தது. அட்டவணை மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு காது மட்டும் கறுப்பு நூலால் கட்டப்பட்டிருந்தது.

எல்லாம் சேர்த்து ஒன்றரை அடி அகலம்.

கண்ணாடிக்காரர் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கொடி காட்டப் போயிருப்பார். திரும்பி வருவார். அவள் காத்திருந்தாள். மழைச் சத்தம், ரவியின் குறட்டை, கீழே தன் வீட்டுக்குள் அலையடிக்கும் தண்ணீர், எதுவும் காதில் விழவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, நெஞ்சு வலித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"மேடம்," என்றாள். "இதை... நீங்களா?"

"ஓதம் ஏறல, தப்பிச்சோம்," என்றார் ஞானஜோதி, பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தபடி.

அடுத்த நாள் படகில் பால் வந்தது. கோவளத்திலிருந்து படகைக் கொண்டுவந்திருந்த மீனவர் படிக்கட்டிலேயே படகைக் கட்டிவிட்டு மேலே ஏறிவந்தார். ஆல்வின் என்று பெயர் சொன்னார். நரைத்த மீசை, நனைந்த லுங்கி.

"யக்கா, பாலை வாங்கிக்கோ. இன்னும் நாலு தெரு கீது," என்று அவசரப்பட்டவரின் கண் திறந்திருந்த பெட்டியின் மேல் விழுந்தது. குனிந்தார். பால் பாக்கெட் கையிலேயே இருந்தது.

"இன்னாக்கா இது! உள்ள ஆளு கீறாரா?"

"இல்லண்ணா. ஆளே கிடையாது," என்றார் ஞானஜோதி.

ஆல்வின் தலையை அசைத்தார். "இல்லாம இன்னா? வெளிய பூட்டாரு. கோட்டு மாட்டிக்கினு கீது பாரு. வந்துருவாரு." அப்புறமும் சிறிது நேரம் குனிந்தபடியே நின்றார். மீசையிலிருந்து ஒரு சொட்டு விழப் பார்த்தது, உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு லோகநாயகி, "நானும் அதேதான் நெனச்சேன்," என்றாள்.

"ஆளை வச்சா அது பொம்மை வீடு ஆயிடும். இப்பதான் எழுந்து போனாங்கன்னு இருந்தா, பார்க்கறவங்க தானா உள்ள போயிடறாங்க."

தண்ணீர் வடியும்வரை மாடியில் தங்கிய நாட்களில் ஞானஜோதியின் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பாதியை அவர் சொன்னார், மீதியை லாசரஸ் சமையலறையிலிருந்து குரல் கொடுத்துச் சேர்த்தார். அஸ்தினாபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். பல் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்ததும் லேபில் சேர்ந்தவர். இன்றுவரை அதே வேலை. யாரோ ஒருவருடைய முன்பல் உடைந்திருக்கும். பக்கத்துப் பல்லின் நிறம், அதன் நுனியில் தெரியும் கண்ணாடி போன்ற ஓரம், வெற்றிலைக் கறை, எல்லாம் பார்த்து, பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு, யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பல்லைச் செய்து அனுப்புவார். யாருடைய வாய்க்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. அவர் பெயர் அவர்களுக்கும் தெரியாது.

"ஒருநாள் கொஞ்சம் பீங்கான் மாவு மிஞ்சிடுச்சு," என்றார் ஞானஜோதி. "சும்மா விளையாட்டா ஒரு டீ கப்பு செஞ்சேன். மிளகு அளவு. பிடியும் வச்சேன். சூளைல உடையும்னு நெனச்சேன், உடையல."

"வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டைப் பட்டன் மேல வச்சுக் காட்டினா," என்றார் லாசரஸ் உள்ளேயிருந்து. "பிடிச்சது சனி!"

கப்புக்குச் சாஸர் வேண்டியிருந்தது. சாஸரை வைக்க மேஜை. மேஜை இருந்தால் அதன் கால் நிற்கத் தரை. தரை எந்தக் காலத்துத் தரை? சிமெண்டா, ஆத்தங்குடிக் கல்லா? எந்த ஊரில் அந்த மேஜை, யார் அதில் டீ குடித்தார்கள்? இதற்கெல்லாம் பதில் தேடி எழும்பூர் மியூசியத்துக்கும் பழைய கட்டடங்களுக்கும் அலைந்ததில் வருஷங்கள் போயின. மூத்த மகள் ஜென்சி கல்யாணமாகிப் பெங்களூர் போனதும் அவளுடைய கட்டில் இருந்த இடத்தில் வேலை மேஜை வந்தது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் எது தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது பெட்டியில் அப்போது தரை மட்டும்தான் இருந்தது. கடப்பாக் கல்லையும் பளிங்கையும் சுண்டுவிரல் நகத்தளவு வில்லைகளாக அறுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றிப் பதித்த தரை. நாள்பட நடந்த தரைபோல் நடுவில் மட்டும் லேசாகத் தேய்ந்து குழிந்திருந்தது.

"கல்லை எதால அறுக்கறீங்க?"

ஞானஜோதி சற்றுத் தயங்கினார். "பல்லைத் தேய்க்கற மெஷின்தான். ஞாயித்துக்கிழமை சத்தம் வருமே..."

லோகநாயகி அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் தூக்கம் கெட்டுப் புரண்டு படுத்த மதியங்கள் எல்லாம் அங்கே வரிசையாகப் பதித்திருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஞானஜோதிக்கும் வந்தது. என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு லாசரஸ் கரண்டியோடு எட்டிப்பார்த்தார்.

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரி, சுவரைச் சுரண்டி, கதவுகளை மாற்றி, வீடு மறுபடி வீடாக மார்ச் மாதம் ஆயிற்று. அதற்குள் "ஜோதி மேடம்" ஜோதியக்காவாகிவிட்டார். ஞாயிறு மதியம் தூங்காமல் மாடிக்குப் போவது லோகநாயகிக்கு வழக்கமாகிவிட்டது. "எனக்குத்தான் இப்ப நிம்மதியான தூக்கம்," என்றான் ரவி. அவள் எதையும் தொடமாட்டாள். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள்.

மூன்றாவது அறை, சதுரங்கப்பட்டினத்தில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு டச்சு வணிகரின் வீட்டுக் கூடம் எப்படி இருந்திருக்கும் என்ற அறை. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை லாசரஸ் காரை எடுக்க, மூவரும் போனார்கள். உள்ளே செங்கல் மதில், இடிந்த கிடங்கு, பூவேலை செதுக்கிய டச்சுக் கல்லறைகள், அப்பால் கடல். குடியிருந்த வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இங்க என்னக்கா இருக்கு பார்க்க?"

ஞானஜோதி டேப்பை எடுத்துச் செங்கல்லை அளந்தார். மதிலின் பூச்சைக் கட்டைவிரலால் தடவினார். வெயில் சாயத் தொடங்கியதும் ஒரு சுவர்ப் பொந்துக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். புடவையில் மண் ஒட்டுவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. லாசரஸ் பழகியவர்போல் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் பொந்தின் வழியாக உள்ளே விழுந்து, செங்கல்லில் ஏறி, நிறம் மாறி, இறங்கியது. அது முடியும்வரை ஞானஜோதி நகரவில்லை.

திரும்பும்போது லோகநாயகி கேட்டாள். "அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து நாற்காலி மியூசியத்துல இருக்கு. அவங்க சாப்பிட்ட தட்டு, படுத்த கட்டில், எல்லாம் படத்துல இருக்கு. அதையெல்லாம் வச்சு இப்படி இருந்திருக்கலாம்னு செய்யறேன். வெளிச்சம் மட்டும் நிஜம். அது அன்னிக்கு வந்த மாதிரியேதான் இன்னிக்கும் வருது."

அந்த வெளிச்சத்தைப் பெட்டிக்குள் கொண்டுவர அவர் பட்ட பாட்டை லோகநாயகி ஞாயிறு ஞாயிறாகப் பார்த்தாள். சின்ன விளக்குக்கு முன்னால் டீ டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்த காகிதம். டிகாக்ஷன் கூடினால் மாலை ஆறு மணி ஆகிவிடும், குறைந்தால் பகல் பன்னிரண்டு. ஜன்னலுக்கு, மைக்ராஸ்கோப்பில் வைக்கும் மெல்லிய கண்ணாடிச் சில்லு. மேலே தொங்கும் பித்தளை விளக்குக் கொத்தின் ஒவ்வொரு கிளையையும் பல்லுக்குச் செய்வதுபோலவே மெழுகில் செய்து, அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்தார். நாற்காலிகளுக்குப் பிரம்புப் பின்னல் வேண்டும். மெழுகு தடவிய நூலை ஊசியால் குறுக்கும் நெடுக்குமாக, அறுகோணக் கண் விழும்படி பின்னினார். பீங்கான் தட்டுகளின் நீலப் பூவை வரைந்த தூரிகையில் எண்ணினால் நாலைந்து மயிர்தான் இருக்கும். ஒரு பூவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சை விடுவார்.

திரைச்சீலைதான் படுத்தியது. எந்தத் துணியைத் தைத்து மாட்டினாலும் அது அட்டைபோல் விறைத்து நின்றது.

"மரத்தைச் சின்னதா செதுக்கலாம், கல்லைச் சின்னதா அறுக்கலாம். துணியோட கனத்தை என்ன பண்றது?" என்று பிய்த்துப் போட்டார். மஸ்லின், பட்டு, கைக்குட்டை, எல்லாம் பிய்ந்து விழுந்தன. ஒரு ஞாயிறு லாசரஸ் பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டு வந்து, "என் பழைய வேட்டியைப் பார்த்தியா?" என்று கேட்டார். துவைத்துத் துவைத்து நைந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் விரல் தெரியும் வேட்டி அது. பார்த்தால், டச்சுக்காரர் வீட்டு ஜன்னலில் அது மெல்லிய கஞ்சியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. காற்று வந்தால் அசையும் என்று நம்பும்படி தொங்கியது.

"போகட்டும்," என்றார் லாசரஸ், வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு. "நான் கட்டினப்ப இவ்வளவு அழகா இல்லை."

ஒன்றேகால் வருஷம் ஆயிற்று. லாசரஸின் பள்ளியில் கைவினைக் கண்காட்சி வந்தது. கிழக்குத் தாம்பரத்தில், பெரிய வேப்பமரம் நிற்கும் வளாகம். அவர் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஞானஜோதியைச் சம்மதிக்க வைத்தார். லேபில் கூட வேலை செய்பவர்களுக்கே அவர் சொல்லியிருக்கவில்லை.

பெட்டியைக் கொண்டுபோய் அரங்கின் நடுவே ஒரு மேஜையில் வைத்தபோது விளக்கு எரியவில்லை. வழியில் ஒயர் கழன்றிருந்தது. ஞானஜோதி பின்பக்கப் பலகையின் திருகுகளைக் கழற்றினார். பிடித்துக்கொள்ள உதவிய லோகநாயகி அப்போதுதான் பெட்டியின் பின்புறத்தை முதன்முறையாகப் பார்த்தாள்.

கூடத்தின் பின்சுவரில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அந்த இடைவெளியில் கொஞ்சம் நிழல் தெரியும், அவ்வளவுதான். பின்னால் இன்னோர் அறை இருந்தது. துணிக் கிடங்கு. உத்தரம்வரை மூட்டைகள், ஒவ்வொன்றும் தென்னங்கயிற்றால் கட்டி, முனையில் சாயமுத்திரை குத்தியது. ஒரு மூட்டை பிரிந்து, நெய்த சீலை மடிப்பு மடிப்பாகத் தரையில் சரிந்திருந்தது. சுவரோரம் கோரைப்பாய், அதன் முன் சாய்வான எழுதுபலகை, ஓலைக்கட்டு, எழுத்தாணி. கணக்குப்பிள்ளை எழுந்து போயிருந்தார். அவருடைய மேல்துண்டு தூணில் தொங்கியது. பாயில் அவர் உட்கார்ந்திருந்த இடம் அமுங்கியிருந்தது.

லோகநாயகி பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேஜையருகில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவள் இல்லாத நேரத்தில், லேபிலிருந்து வந்த களைப்போடு, ஞானஜோதி இதைச் செய்திருக்கிறார்.

"அக்கா, இது முன்னாலேருந்து தெரியவே தெரியாதே."

"தெரியாது."

"பலகையைப் போட்டுத் திருகிட்டா யாருமே பார்க்க முடியாதே. அப்புறம் எதுக்கு?"

ஞானஜோதி ஒயரை முறுக்கிக்கொண்டே யோசித்தார். யாரும் கேட்டிராத கேள்வி என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கதவு பாதி திறந்திருக்கில்ல. பின்னால ஒண்ணும் இல்லைன்னா அந்தக் கதவு நிக்கற விதத்துலயே தெரிஞ்சிடும். அதுவும் இல்லாம, அந்த வீட்டுல இருந்ததெல்லாம் எப்படி வந்துச்சு? இந்த மூட்டைலேருந்துதானே. அதை எப்படி விட முடியும்?"

விளக்கு எரிந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கோ, ஒயர்ல ஒட்ட டேப் எடுத்துட்டு வரேன்," என்று அவர் நகர்ந்தார். அதற்குள் அரங்கின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

லோகநாயகி பின்புறத்தில் குனிந்தபடி கிடங்கின் வழியாக, பாதி திறந்த கதவின் வழியாக, கூடத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் புதிதாக இருந்தது. கறுப்பு வெள்ளைத் தரையில் கடலோரத்து மாலை வெளிச்சம் படுத்திருந்தது. நாற்காலியின் பிரம்புக் கண்களின் நிழல் தரையில் வலைபோல் விழுந்திருந்தது. அதற்கும் அப்பால், அறையின் திறந்த முகப்பில், ஒரு கண் வந்தது. சுவரளவு பெரிய கண். அது இமைக்கவில்லை. பிறகு அது விலகி வேறொரு கண் வந்தது. கண்ணாடி போட்ட கண். அடுத்து ஒரு குழந்தையின் கண், யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். யார் யாரோ. ஆசிரியர்கள், பெற்றோர்கள், வாட்ச்மேன். பேசிக்கொண்டே வந்தவர்கள் குனிந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மேஜையைச் சுற்றி மட்டும் சர்ச்சுக்குள் இருப்பதுபோல் அமைதி விழுந்திருந்தது. வருகிற கண்ணெல்லாம் ஒரே மாதிரி விரிந்தது, ஒரே மாதிரி ஈரமாகியது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பாதி திறந்த கதவின் நிழல்வரை வந்து, அங்கேயே நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்று திரும்பினார்கள்.

ஞானஜோதி டேப்போடு வந்தார். "என்ன லோகா, கை வலிக்குதா?"

அவள் நகர்ந்து, தான் குனிந்திருந்த இடத்தில் அவரை இழுத்துக் குனியவைத்தாள். செய்தவர், பார்க்க வருகிறவர்களை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. ஞானஜோதி பார்த்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. டேப் கையிலிருந்து உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று.

"இத்தனை பேரா," என்றார் கிசுகிசுப்பாக.

சற்று நேரம் கழித்து இருவருமாகப் பலகையை மூடித் திருகினார்கள். ஞானஜோதியைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். லாசரஸ் அவரைக் கைப்பிடித்து முன்னால் அழைத்துப் போனார். லோகநாயகி புடவையைச் சரிசெய்துகொண்டு அரங்கின் வாசல்வரை நடந்து, அந்த அறையைப் பார்க்க வேப்பமரத்தடி வரை நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.